தாடி வைத்த ஓணான்களின் நாட்டிலே

ஓணானைப் பார்ப்பதற்கு ஒருவர் கடல் கடந்து போக வேண்டுமா என்று எம்மைக் கேட்டுச் சிரித்த நண்பர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலியிலே கதியாலுக்கொன்றாகக் காணக் கிடைக்கும் காட்சியை, ஆகாய விமானத்துக்குப் பணம் கட்டி அவுஸ்திரேலியாவிற் போய்க் கண்டு வந்தோம் என்றால் அவர்கள் நகைப்பதில் வியப்பில்லை. ஆனால் நாம் போனது அதற்காக அன்று. எமது தாயாரும் தமக்கையாரும் சிட்னி நகரில் வாழ்கின்றனர். ஆறு ஆண்டுகளாகக் காணாத தாயைக் காண்பதற்காகவே, சென்ற டிசம்பர் விடுமுறையில் நாமும் எம் இல்லாளும் புறப்பட்டோம். ஓணான் இடையில் வந்து சேர்ந்தது.

சிட்னியின் மேற்கே, பரமட்டாவையும் கடந்து, டூங்காபி என்னும் ஊரில் அத்தானின் வீடு இருக்கிறது. செங்கல் வீடு, பின்வளவில் ஒரு முருங்கையும் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளும் நின்றன. இறங்கிய மறுநாட் காலையில் அடுக்களைக்குட் சென்றபோது, அம்மா பூசணிக்காயையும் போஞ்சிக்காயையும் அரிசியளவு துண்டுகளாக மிகுந்த சிரத்தையோடு அரிந்துகொண்டிருந்தார். அம்மாவின் கைப்பட்ட கறியை இத்தனை காலத்தின் பின் உண்ணப்போகிறோம் என்ற எண்ணத்தில் எமக்கு நாவூறியது. "இது உனக்கில்லை, தம்பி. தாடியருக்கு," என்றார் அம்மா.

தாடியர் யார் என்று கேட்பதற்குள், எமது மருமகன் எம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றான். அவனுக்கு வயது பதினைந்து. தமிழை விளங்கிக்கொள்வான், பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எடுத்துவைப்பான். அவனது அறையில், கண்ணாடி முகப்புடைய மரப்பெட்டிகள் நான்கு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் நாலடி நீளம் இருக்கும். ஒரு பெட்டியினுள்ளே கருங்கல்லொன்றின் மேல், மின்குமிழின் கீழ், முதுமையடைந்த சிற்றரசனைப் போல ஒரு பிராணி படுத்திருந்தது.

ஒன்றரை அடி நீளம். அதிற் பாதிக்கு மேல் வால். தட்டையான உடல், முக்கோணத் தலை, இரு விலாவிலும் வரிசையாக முட்கள். தாடையின் கீழே முட்கள் நிறைந்த தோல் தொங்குகிறது. சினம் கொண்டாலோ, காதல் கொண்டாலோ அத்தோல் விரிந்து கரிய தாடியாகி விடுகிறது. கிரேக்க மொழியிலே தாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இவ்வினத்துக்குப் 'பொகோனா' என்று பெயர் வந்தது. நம்மூர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே குடும்பம் என்றாலும், எமது ஓணான் மெலிந்து உயர்ந்து ஓட்டத்திலே வாழ்வது. இதுவோ, தரையோடு தரையாக அமர்ந்து, வருவது வரட்டும் என்றிருப்பது. ஆகையாற்போலும், மனிதன் கையில் எளிதில் அமர்கிறது. மருமகன் எடுத்து எமது தோளில் வைத்தான். அதன் நகங்கள் சட்டையைப் பற்றிய கணத்தில் நாம் நடுங்கியதை மறைக்க முயன்றோம். எம் இல்லாள் மறைக்க முயலாமற் கூடத்துக்கு ஓடிவிட்டார்.

எமது தாயார் பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதலாவது பிராணி வீட்டுக்கு வந்தபோது, "இதென்ன கோதாரி" என்று கூறி இரண்டு நாள் அவ்வறைப் பக்கமே போகாதிருந்தாராம். அவ்வாண்டு குளிர்காலத்தில் நடந்ததே மனமாற்றத்துக்குக் காரணம். அந்நாட்டிலே யூன் தொடங்கி ஓகஸ்ட் வரை குளிர்காலம். அக்காலத்தில் இவை உணவைத் துறந்து, மரப்பட்டையின் கீழே ஒடுங்கி, வாரக்கணக்கில் உறங்கும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்த ஒரு பகலில், அம்மா எட்டிப்பார்த்து, அது இறந்துவிட்டதென்றே துணிந்து, தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து அழுதாராம். "பிள்ளைக்கு எப்படிச் சொல்லுறது?" என்பதே அவரது கவலை. பிள்ளை வந்து தொட்டதும் அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது. அன்று தொட்டு அம்மாவே அதன் காவலர். தாடியர் என்ற பெயரும், மஞ்சள் படர்ந்த பெண்ணுக்குப் பொன்னி என்ற பெயரும் அவர் இட்டவையே.

இவற்றுக்கு உணவிடுவது விளையாட்டன்று. குஞ்சுப் பருவத்தில் பெரும்பாலும் பூச்சிகள். வளர வளர இலையும் காயும் கூடுதல். சில்லூறுகளை வாங்கி, கல்சியப் பொடியிற் புரட்டி, உயிரோடு விட வேண்டும். இரையின் பருமன் உண்பதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சலாகாது. அம்மா ஒருநாள் ஆசையோடு பசளிக்கீரை அரிந்து வைத்தபோது பேரன் தடுத்துவிட்டானாம். அக்கீரையிலுள்ள அமிலம் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலிற் சேரவிடாது என்பது அவன் கூறிய நியாயம். "நாங்கள் பசளி தின்று எலும்பு உடைஞ்சா போனம்?" என்ற அம்மாவின் கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. ஆயினும் எலும்பு விடயத்தில் இவ்வுயிர்கள் நொய்மையானவையே. வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர் தோலிற் பட்டால்தான் விற்றமின் டி3 உண்டாகி, உண்ட கல்சியம் எலும்பிற் சேரும். அறைக்குள்ளே அக்கதிர் இல்லை. கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். ஆகையால் அதற்கென்றே தனி விளக்கு. அது இல்லாமல் வளர்த்தவர்களின் பிராணிகள் தாடை மெலிந்து, கால் வளைந்து, நடக்கவியலாமற் போவதுண்டு. பெட்டியின் ஒரு கோடியில் நாற்பது பாகை வெப்பம். மறு கோடியில் இருபத்தைந்து. தனக்கு வேண்டிய சூட்டை அது தானே நடந்து தேடிக்கொள்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்பிராணியை வீட்டில் வைத்திருக்க அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வருதல் குற்றம். அனுமதி பெற்ற ஒருவரிடமிருந்தே இன்னொருவர் பெறலாம். அத்தானின் பெயரில் அந்தப் பத்திரம் இருந்தது. உள்நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்ப அவுஸ்திரேலியா இடமளிப்பதில்லை. அப்படியாயின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரமாயிரம் வீடுகளில் இவை வளர்வது எங்ஙனம்? முன்னொரு காலத்தில் களவாகக் கடத்தப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களே அவையிற் பெரும்பாலானவை என்கிறார்கள். எமது நாட்டவரும் இதிற் பாடம் படித்தவர்களே. நக்கிள்ஸ் மலையிலும் மத்திய மலைநாட்டிலும் வாழும் கொம்பு மூக்கு ஓணான்கள் வேறெங்கும் இல்லாதவை. அவற்றையும் பிறநாட்டார் பெட்டியில் மறைத்துக் கடத்தியதுண்டு. 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த மாநாட்டிலேதான் அவற்றுக்குச் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு கிடைத்தது.

நாம் போய்ச் சேர்ந்த வேளை வீட்டில் ஒரு பெருஞ் செய்தி காத்திருந்தது. பொன்னி அவ்வாரத்திலேதான் முட்டையிட்டிருந்தாள். வசந்தம் பிறந்து, பகல் நீண்டு, தாடியரின் தாடி கறுத்தபோதே மருமகன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டான். ஆண், தலையை விரைந்து விரைந்து ஆட்டுகிறது. பெண், முன்னங்கால் ஒன்றை உயர்த்தி மெல்லச் சுழற்றுகிறது. வழியில் தெரிந்தவரைக் கண்டவர் கைகாட்டுவது போலிருக்கும். 'நான் உன்னோடு போருக்கு வரவில்லை' என்பதே அதன் பொருள் என்கிறார்கள். பின்னர்ப் பெண்ணின் வயிறு பருத்து, முட்டைகள் கோலிக்குண்டுகள் போலத் தோலின்மேல் தெரியும். இரண்டொரு நாள் உண்ணாமற் பெட்டியெங்கும் பிறாண்டித் திரியும். அப்போது ஈரமணல் நிறைந்த ஆழமான பெட்டியொன்றில் விட வேண்டும். பொன்னி ஒரு பகல் முழுவதும் மண் தோண்டி, உள்ளே புகுந்து, பத்தொன்பது முட்டைகளை இட்டு, மேலே மண்ணைத் தள்ளி, மூக்கினால் அழுத்திச் சமன் செய்துவிட்டு வெளியேறினாளாம். அருகிலிருந்து பார்த்த அம்மாவுக்கு ஒரு குறை. "கோழி இருபத்தொரு நாள் பட்டினி கிடந்து அடைகாக்கும். இவள் திரும்பியும் பாராள்."

தாய் திரும்பிப் பாராத காரணத்தால் அடைகாக்கும் பொறுப்பு மருமகனுடையதாயிற்று. முட்டைகள் வெண்மையானவை, ஓடு கடினமாயிராது, தோல் போல மெத்தென்றிருக்கும். வெர்மிகுலைற் என்னும் கனிமப் பொருக்கைச் சம எடை நீரிற் பிசைந்து, மூடியுள்ள பாத்திரத்திற் பரப்பி, முட்டைகளைப் பாதியளவு அதிற் பதித்திருந்தான். பாத்திரம், வெந்நீர் தேக்கிய ரெஜிபோம் பெட்டியொன்றினுள்ளே இருந்தது. மீன்தொட்டிக்கான சூடேற்றி ஒன்று நீரை ஒரே சூட்டில் வைத்தது. வெளியே தொங்கிய சிறு வெப்பமானி 29 பாகை காட்டியது. அச்சூட்டில் ஏறக்குறைய அறுபது முதல் எழுபது நாளிற் குஞ்சு வெளிவரும்.

'ஏன் 29? சற்றுக் கூட்டினால் விரைவிற் பொரிக்குமே' என்று நாம் கேட்டோம். அவன் கூறிய விடை எம்மை வியக்க வைத்தது. இவற்றின் ஆண் பெண் வேறுபாடு நிறமூர்த்தங்களாலேயே அமைகிறது. ஆனால் அடைகாக்கும் வெப்பம் 32 பாகையைக் கடந்தால், ஆணாக வேண்டிய கருக்களுட் பல பெண்ணாகப் பிறந்துவிடுகின்றன. கன்பராப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். 2015இல், வனத்திலும் அவ்வாறு மாறிய பெண்கள் வாழ்வதையும், அவை சாதாரண ஆணோடு கூடியீனும் குஞ்சுகளின் பாலை வெப்பம் ஒன்றே தீர்மானிப்பதையும் கண்டறிந்தார்கள். உலகம் சூடாகும்போது இவ்வினம் என்னவாகும் என்ற கேள்வியை அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை எம்மிடம் கேட்டான். இலக்கியம் கற்பிப்பவரிடம் இருந்த விடை, 'தேநீர் ஆறுகிறது, வா போவோம்' என்பதே.

இவற்றின் சொந்த ஊரைக் காண வேண்டும் என்ற ஆசை எமக்கு உண்டாயிற்று. டிசம்பர் நடுப்பகுதியில், அம்மாவையும் தமக்கையாரையும் எம் இல்லாளையும் முட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, அத்தானும் மருமகனும் நாமும் மோட்டார் வண்டியிற் புறப்பட்டோம். மேய்ஸ் ஹில்லில் உள்ள முருகன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டோம். அக்கோயிலின் முன்னாற் செல்லும் மேற்குப் பெருஞ்சாலை மலையேறி அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுக்குப் போகிறது என்பதை அதுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சந்நிதியிலிருந்து நேரே பாலைக்கு வழி!

நீலமலைகள் உண்மையிலேயே நீலமானவை. யூக்கலிப்ரஸ் மரங்களின் எண்ணெய் ஆவி காற்றிற் கலந்து அந்நிறத்தைத் தருகிறது என்பர். 1813ஆம் ஆண்டில் மூன்று வெள்ளையர் வழி கண்டு கடந்த அம்மலையை நாம் இரண்டு மணி நேரத்திற் கடந்தோம். பாதர்ஸ்ற், ஒரேஞ், டப்போ என்று ஊர்கள் வந்து போயின. கோதுமை வெட்டப்பட்ட வயல்கள் பொன்னிறமாகக் கிடந்தன. நிங்கனைத் தாண்டியதும் பூமி சிவந்தது. எமது நாட்டுச் செம்மண்ணையும் தோற்கடிக்கும் சிவப்பு. அதன்மேல் சாம்பல் நிற முல்கா மரங்கள். வீடில்லை, ஆளில்லை, வானம் மட்டும் மிகையாக இருந்தது. ஈமுக்கள் இரண்டு வண்டியோடு போட்டிக்கு ஓடிப் பின்தங்கின. சாலையோரத்திற் கங்காருக்களின் உடல்களைக் கண்டு மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாலையிற் சாலையின் சூட்டை நாடி வரும் பல்லியினங்களும் இப்படியே மாள்கின்றன என்றான். அன்றிரவு கோபார் என்னும் செப்புச் சுரங்க ஊரிலே தங்கினோம். சிட்னியிலிருந்து எழுநூறு கிலோமீற்றர்.

மறுநாட் காலை எட்டு மணியளவில், ஊருக்கு மேற்கே வில்கன்னியாச் சாலையில், மருமகன் "அத்தா நிக்கிறார்!" என்று கூவினான். அத்தான் வண்டியை ஓரங்கட்டினார். நாம் எவ்வளவு நோக்கியும் கம்பி வேலியொன்றையன்றி வேறெதையும் காணவில்லை. மரக்கட்டையொன்றின் உச்சியை அவன் சுட்டிய பின்னரே தெரிந்தது. கட்டையின் நிறமே தன் நிறமாக, தலையை நிமிர்த்தி, உடலைத் தட்டையாக்கி, ஞாயிற்றுக்கு முதுகு காட்டி ஓர் ஆண் அமர்ந்திருந்தது. இரவின் குளிர் நீங்கும்வரை உடலைக் கருமையாக்கிச் சூட்டை வாங்கி, வெப்பம் ஏறியபின் வெளிறிப்போகும் என்றான் மருமகன். தலையுச்சியில் மூன்றாவதாக ஒரு கண் உண்டாம். அது உருவத்தைக் காணாது. ஒளியையும் நிழலையும் அறியும். மேலே பறக்கும் பருந்தின் நிழலுக்கு அது போதும்.

நாம் ஐந்து மீற்றர் தூரத்தில் நின்றோம். ஓரடி முன்வைத்தோம். அது எம்மை நோக்கி வாயைத் திறந்து, தாடியை விரித்துக் கறுப்பாக்கிற்று. டூங்காபியில் பூசணிக்காய் உண்ணும் தாடியருக்கும் இதற்கும் இடையே எவ்வளவு தொலைவு! "போவம் மாமா, அவருக்குப் பயம்," என்று மருமகன் எமது கையைப் பிடித்து இழுத்தான்.

வண்டியில் ஏறிய பின் அவன், யாழ்ப்பாணத்து ஓணானைப் பற்றிக் கேட்டான். எங்கு முட்டையிடும், எத்தனை, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டான். எமக்குத் தெரிந்தது வேறு. தென்னையீர்க்கிற் சுருக்கு வைத்து அதன் கழுத்தில் மாட்டுவது எப்படி. கல்லெறிந்து வேலியிலிருந்து வீழ்த்துவது எப்படி. இணைவிழைச்சுக் காலத்தில் அதன் கழுத்துச் சிவக்கக் கண்டு எம் இரத்தத்தைத்தான் உறிஞ்சுகிறது என்று நம்பி நாம் ஊர்ச் சிறுவரெல்லாம் ஓடி ஒளிந்தது எப்படி. இராமபிரானுக்கு அணில் உதவியது, ஓணான் உபத்திரவம் செய்தது, ஆகவே அடிக்கலாம் என்று யாரோ எமக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தான் வண்டியோட்டியபடி சிரித்து, தாமும் அடித்த கதையைச் சொன்னார். பிள்ளை சிரிக்கவில்லை. "எத்தனை அடிச்சனீங்கள், மாமா?" என்றான். கணக்குப் பார்க்கவில்லை என்றோம். அவன் யன்னற்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வில்கன்னியாவில் டார்லிங் நதியைக் கண்டோம். அங்குள்ள பார்க்கின்ஜி ஆதிக்குடிகள் அதனைப் பாக்கா என்று அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் நீராவிப் படகுகள் கம்பளி ஏற்றிச் சென்ற துறைமுகமாம். மணற்கல்லாற் கட்டிய பழைய கட்டடங்கள் அப்பெருமையைக் கூறின. நதியின் நீர் கூறவில்லை. மூன்றாம் நாள் இரவு வீடு திரும்பியதும், பிள்ளை செருப்பையும் கழற்றாமல் ஓடிப் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். வெப்பமானி 29 காட்டியது.

இனி, நாம் எழுதவேண்டாம் என்று நினைத்துப் பின்னர் எழுதத் துணிந்த பகுதி. டிசம்பர் கடைசிக் கிழமையில் ஒருநாள் மேற்குச் சிட்னியில் வெப்பம் நாற்பது பாகையைக் கடந்தது. அப்பகுதி வெயிலுக்குப் பேர்போனது; பென்றித் என்னுமிடத்தில் 2020 ஜனவரி 4ஆந் தேதி 48.9 பாகை பதிவாயிற்று என்பர். அத்தானும் தமக்கையாரும் வேலையில். மருமகன் நண்பர்களோடு நீச்சற் குளத்தில். எம் இல்லாள் பக்கத்து வீட்டாரோடு கடைத்தெருவில். அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். பிற்பகல் ஒரு மணிக்கு மின்சாரம் நின்றது.

பெட்டிகளின் விளக்குகள் அணைந்தன. அறை வேகமாகச் சூடேறியது. பற்றரியில் இயங்கிய வெப்பமானி 29.5 காட்டியது, சிறிது நேரத்தில் 30. முப்பத்திரண்டு என்ற எண் எமது மூளையிற் பதிந்திருந்த காரணத்தால், வகுப்பிலே பெயில் மார்க்கை நோக்கிச் சரியும் மாணவனைப் பார்ப்பது போல அதனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தோம். நீருக்குள் இருப்பவன் எப்படி எடுப்பான்? ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் செய்யாமல் இருப்பதே செய்ய வேண்டியது என்பது எமக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்தோம். உள்ளிருந்த பாத்திரத்தையும் திறந்தோம். மூன்று முட்டைகளின் மேற்புறம் சற்றுக் குழிந்திருந்தது, கீழ்ப்புறமோ ஈரமாயிருந்தது. மேலே காய்கிறது, கீழே நனைகிறது என்று கண்டோம். சிறுவயதில் அம்மா அடைக்கோழியைத் தூக்கி, அதன் கீழிருந்த முட்டைகளைப் பிரட்டி வைப்பார். கோழியே அலகாற் பிரட்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்த நினைவோடு மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரட்டி வைத்தோம். மூன்றாவதை வைத்த பின்னர்தான் கண்ணிற் பட்டது: மற்றைய முட்டைகள் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஓர் எண்ணும் ஒரு புள்ளியும். புள்ளி எதற்காக என்பது அக்கணமே விளங்கியது. பறவை முட்டையைப் பிரட்டத்தான் வேண்டும். ஊர்வனவற்றின் முட்டையிலோ கரு தொடக்கத்திலேயே மேற்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். பிரட்டினாற் கரு கீழே போய் மூச்சடைத்து இறக்கக்கூடும். இதை நாம் பின்னர் அறிந்தோம். அப்போது அறிந்தது, புள்ளி மேலே இருக்க வேண்டும் என்பது மட்டுமே. நடுங்கும் கையாற் புள்ளிகளை மீண்டும் மேலே கொண்டுவந்து, மூடி, பெட்டியையும் அடைத்தோம். ஏழு, எட்டு, பன்னிரண்டு.

மூன்று மணியளவில் மின்சாரம் வந்தது. வெப்பமானி 31ஐத் தாண்டவில்லை. புள்ளிகள் மேலே இருந்தன. நாம் சொல்லாவிட்டால் ஒருவரும் அறியப் போவதில்லை. குஞ்சு பொரிக்காவிட்டாலும், எந்தக் கூட்டிலும் இரண்டு மூன்று பாழாவது இயல்பென்று பிள்ளையே சொல்லியிருந்தான். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில், 'யார் செய்தது? எழுந்து நில்' என்று கேட்டவர் நாம். கூடத்துக் கதிரையில் அமர்ந்து, அன்று பிற்பகல் முழுவதும் எழுந்து நிற்க எமக்கு மனம் வரவில்லை.

பிள்ளை ஐந்து மணிக்கு வந்தான். மின்சாரம் போனதைக் கேட்டு அவன் கலங்கவில்லை. மூடியைத் திறக்காதிருந்தால் உள்ளிருக்கும் நீர் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வெளிச்சூடும் எளிதில் உள்ளே போகாது என்றான். அச்சொல்லைக் கேட்ட பின் மறைக்க முடியவில்லை. திறந்ததையும் சொன்னோம், பிரட்டியதையும் சொன்னோம், புள்ளியைக் கண்டு மீண்டும் பிரட்டியதையும் சொன்னோம்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அறைக்குட் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். எதற்காகச் சாத்தினான் என்று எண்ணி நாம் வெளியே நின்றோம். வேலிக்கதியால் ஓணான்கள் அனைத்தும் அன்று எம்மிடம் கணக்குக் கேட்டன என்றால் மிகையில்லை. கால்மணி நேரத்தின் பின் கையில் நாட்குறிப்போடு வந்தான். "எந்த இலக்கம்? எத்தனை மணிக்கு? எந்தப் பக்கமாப் பிரட்டினீங்கள்?" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும், "சில நேரம் தப்பும், மாமா. பாத்திருக்க வேணும்," என்றான். குழிவுக்கு மருந்து பிரட்டுவதன்று என்றும், முட்டையைத் தொடாமல் ஓரத்திற் சிறிது நீர் விட்டால் போதும் என்றும் சொல்லி, எம்மையே கொண்டு அந்நீரை விடச் செய்தான். தேக்கரண்டியைப் பிடித்த எமது கை நடுங்காதபடி கீழே தன் கையை வைத்துக்கொண்டான்.

அம்மாவிடம் சொன்னபோது, "நான் கோழியை அல்லோ சொன்னனான்?" என்றார்.

ஜனவரி முதற் கிழமையில் நாம் நாடு திரும்பிவிட்டோம். பாடசாலை தொடங்கியது. மாசி மாதத்தில் ஒரு காலை, விஞ்ஞான ஆசிரியரோடு தேநீர் அருந்தும் வேளையில், கைத்தொலைபேசியிற் படங்கள் வந்தன. குஞ்சு வெளிவர முதல் நாள் முட்டை வியர்த்து, காற்றுப்போன பந்து போல வற்றுமாம். மூக்கு நுனியிலுள்ள சிறு பல்லினாற் கீறி, தலையை மட்டும் வெளியே நீட்டி, ஒரு பகல் முழுவதும் அப்படியே இளைப்பாறுமாம். விரல் நீளமே உள்ள குஞ்சுகள். முள்ளும் தாடியும் அப்போதே குறையில்லாமல் உண்டு. பத்தொன்பதிற் பதினாறு பொரித்திருந்தன. நாம் இலக்கங்களைத்தான் தேடினோம். நாட்குறிப்பின் பக்கத்தைப் படமெடுத்து இறுதியாக அனுப்பியிருந்தான். ஏழு, பொரித்தது. எட்டு, இல்லை. அதனைத் திறந்து பார்த்தானாம். கரு டிசம்பர் அளவிலேயே நின்றுவிட்டது என்று அதன் பருமனைக் கொண்டு எழுதியிருந்தான். பொரிக்காத மற்ற இரண்டும் நாம் தொடாதவை. பன்னிரண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாக, மற்றவை வந்து இரண்டு நாளின் பின் வெளிவந்தது.

அந்தப் பன்னிரண்டுக்கு அம்மா எமது பெயரையே வைத்துவிட்டாராம். மெலிந்த குஞ்சு; உடன்பிறந்தவை வாலைக் கடிக்காதபடி தனிப் பெட்டியில் விட்டிருக்கிறார்கள். இவ்வினத்தின் வால் அறுந்தால் மீள முளைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே உணவாதலாற் குஞ்சுகள் ஒன்றும் உண்ணா என்று தெரிந்திருந்தும், நாம் நாள்தோறும் 'தின்றதா?' என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் இரவு விடை வந்தது. சில்லூறு ஒன்று; மிகச் சிறியது; இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பிடித்ததாம்.